கோட்டுக்குள் இருந்தவர்

போன கிழமை என் கைத்தொலைபேசி ஒரு கேள்வி கேட்டது. அதில் உள்ள படங்களையெல்லாம் தானாகவே முகம் முகமாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்தையும் ஒரு வட்டத்துக்குள் வைத்து, "இவர் யார்? பெயரைச் சேர்க்கவும்" என்று கேட்கிற வசதி ஒன்று வந்திருக்கிறதாம். அக்காவின் மகள்தான் திறந்து காட்டினாள். ஒரு வட்டத்தில் அக்கா. ஒரு வட்டத்தில் அத்தான். அடுத்த வட்டத்தில், எங்கள் லிங்கநகர் வீட்டு வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருக்கிற பிள்ளையார். தும்பிக்கையோடும் மாலையோடும் இருந்த அவருக்கும் பெயர் கேட்டது போன்.

"சித்தி, இவருக்கு என்ன பேர் போடுறது?"

"பிள்ளை நாலு," என்றேன். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். சித்திக்கு வயதாகிறது என்று நினைத்திருப்பாள். அவளுக்கு விளக்கம் சொல்லப் பொறுமை இருக்கவில்லை. உங்களுக்குச் சொல்லலாம். பிள்ளை ஒன்று, இருந்த கோலப் பிள்ளையார். பிள்ளை இரண்டு, நின்ற கோலம். மூன்றாவது எலியோடு. நாலாவதுதான் மாலை போட்டவர். கல்யாண அழைப்பிதழுக்கு எல்லோரும் கேட்பது அவரைத்தான். இந்தக் கணக்கெல்லாம் நான் சண்டைக் காலத்தில், தொண்ணூறுகளின் பின்பாதியில், திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் இறங்குகிற வீதியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தபோது படித்தது.

அந்த அச்சகத்தை நினைத்தால் முதலில் வருவது மண்ணெண்ணெய் மணம். பின்னறையில் அச்சு இயந்திரத்தின் உருளைகளை மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைப்பார்கள். அதோடு கடல் காற்று, பக்கத்துக் கடைக் கருவாடு, முன்னறையில் சூடேறிய ஸ்கேனரின் பிளாஸ்டிக் வாடை. எல்லாம் சேர்ந்து ஒரு மணம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே மறிப்பா. "கிணத்தடிக்குப் போய்க் குளிச்சிட்டு உள்ள வா" என்பா. நான் கொம்பியூட்டர் படித்த பிள்ளை, ஏசி அறையில் இருந்து வேலை செய்கிறேன் என்றுதான் அவ ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தா. உண்மையில் அங்கே ஒரேயொரு மேசைக் காற்றாடிதான் இருந்தது, அதுவும் கொம்பியூட்டரைப் பார்த்தபடி. எங்களுக்கு வியர்க்கலாம், அதற்கு வியர்க்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம்.

வாசலில் மான்கள் வரும். திருகோணமலையில் மான்கள் மாடுகளைப் போலத்தான், வீதியில் நிற்கும், குப்பையைக் கிளறும். ஒருமுறை மை காய்வதற்காகப் பலகையில் விரித்திருந்த கோயில் திருவிழா நோட்டீஸ்களில் பாதியை ஒரு கொம்பன் தின்றுவிட்டுப் போனது. முதலாளி துரத்திக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து மூச்சு வாங்கியபடி, "தேர்த் திருவிழாவைத் தின்னேல்லை. பூங்காவனத் திருவிழா மட்டும்தான் போயிட்டுது" என்றார்.

முதலாளியையும் சேர்த்து முன்னறையில் நாங்கள் மூன்று பேர். மற்றவர் றிஸ்வான் நானா; எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். கிண்ணியாவில் இருந்து வருவார். எங்கள் பக்கத்தில் நீரைக் கடக்கிற மிதவைக்குப் "பாதை" என்று பெயர். காலையில் அந்தப் பாதையில் ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, கையில் டிஸ்கட் நிறைந்த பிஸ்கட் டின்னோடு வந்து சேர்வார். டிஸ்கட்டை நீங்கள் மறந்திருக்கலாம். உள்ளங்கையளவு சதுரம், உலோக மூடி ஒன்று டக்கென்று திறந்து மூடும். சாவடியில் நின்ற ஒரு ஆமிக்காரப் பொடியன் அதில் படம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மூடியைத் திறந்து வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தானாம், ஃபிலிம் சுருளைப் பார்க்கிற மாதிரி. "ஒண்டும் தெரியலையே" என்று கவலைப்பட்டானாம். "நானும் அவனோட சேர்ந்து பார்த்தன். எனக்கும் ஒண்டும் தெரியல" என்று சொல்லிச் சிரித்தார் நானா.

நான் எழுத்துக் கோப்பேன், அவர் படங்களைப் பார்ப்பார். படங்களை ஸ்கேன் பண்ணுவது, வெட்டுவது, வெளுத்ததைக் கறுப்பாக்குவது எல்லாம் அவர் கை. என் வேலை எழுத்தையும் படத்தையும் திரையில் ஒரு பக்கமாக அடுக்குவது. இதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. நாங்கள் அதைப் "பேஜ்" என்று மட்டும் சொல்வோம். "பேஜைத் திற", "பேஜ் இறுகிட்டுது". அந்தப் பேஜில் ஒரு பொல்லாத குணம் இருந்தது. பக்கத்தில் நாம் ஒரு படத்தை வைத்தால் படம் அதற்குள் வந்துவிடாது. அது வேறெங்கோ தன் பெட்டியில் இருக்கும். பக்கத்துக்கு அதன் விலாசம் மட்டும்தான் தெரியும். படத்தை யாராவது இடம் மாற்றினால், அல்லது பெயரை மாற்றினால், அடுத்த நாள் பக்கத்தைத் திறக்கும்போது மாப்பிள்ளை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டமும் அதன் குறுக்கே ஒரு பெருக்கல் அடையாளமும் இருக்கும். ஊர் விட்டு வெளிக்கிட்டவர்களின் பழைய விலாசத்துக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற கதைதான்.

அதனால் எனக்கும் நானாவுக்கும் ஒரு நாளும் ஒத்துவராது. நான் கோயில், கல்யாணம், மரணம், வியாபாரம் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு வைத்திருந்தேன். நானாவோ அந்த நேரம் மனதில் என்ன இருந்ததோ அதைப் பெயராக வைப்பார். கோப்புக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க ஏலாத காலம் அது, அதுவும் ஆங்கில எழுத்து. அந்த எட்டுக்குள் அவர் "மழை" என்று வைப்பார். "தலையிடி" என்று வைப்பார்.

"நானா, ரோல்ஸ் எண்டு ஒரு படம் கிடக்குது. அது என்ன?"

"அது நிலாவெளிக் கல்யாணச் சோடி. அவங்க வரக்குள்ள நான் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தன்."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டாச் சொல்லுவன்தானே, டீச்சர்."

சட்டம் பேசுவதால் எனக்கு அவர் வைத்த பெயர் டீச்சர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சாமிகள் அத்தனை பேரும் என்னைவிட அவருக்குத்தான் அத்துபடி. நோட்டீஸ் அடிக்க வருகிற ஐயர்மாரிடம், "முருகன் மயிலோட வேணுமா, தனியா வேணுமா? வள்ளி தெய்வானையோட எண்டா கொஞ்சம் இடம் கூடப் பிடிக்கும்" என்று தொப்பியைச் சரிசெய்தபடி கேட்பார். ஐயர்மார் முதலில் திகைத்து, பிறகு அவரிடமே யோசனை கேட்பார்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் பொது எதிரி முதலாளி. நல்ல மனுசன். ஆனால் கொம்பியூட்டருக்குள் படங்கள் சேரச் சேர அது வீங்கி ஒரு நாள் வெடித்துவிடும் என்று உள்ளூர நம்பினார். "இடம் போதாது" என்று திரையில் ஒரு சின்ன எச்சரிக்கை வந்தால் போதும். "அழி பிள்ளை, அழி! அடிச்சுக் குடுத்த சாமானை என்னத்துக்கு வைச்சிருக்கிறாய்?" என்பார். நாங்களும் அழிப்போம். கல்யாணம் முடிந்த சோடிகள், திருவிழா முடிந்த தேர்கள், முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பெரியவர்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை பூரணம் அக்கா வந்தா.

மூதூரில் இருந்து வரும் லோஞ்சிப் படகில் வந்து, இறங்குதுறையில் இருந்து நேரே நடந்து வந்திருந்தா. சொந்த ஊர் ஈச்சிலம்பற்று. முப்பது வயதிருக்கும். சேலைத் தலைப்பைப் பிடித்தபடி ஒரு பெண் குழந்தை; பள்ளிக்கூடம் தொடங்கும் வயது. கதிரையைக் காட்டினோம், இருக்கவில்லை.

"தம்பி, முந்தி இங்க ஒரு நோட்டீஸ் அடிச்சது. என்ர மனுசன்ர செத்தவீட்டுக்கு. இவள் கைக்குழந்தை அப்ப. காய்ச்சலில போயிட்டார்."

"ஓம் அக்கா. இப்ப என்ன வேணும்? திவசத்துக்கோ?" என்று கேட்டார் நானா.

"இல்லைத் தம்பி. அதில இருந்த படம் வேணும்."

அவ சொன்னது இதுதான். சண்டை வந்து ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டார்கள். திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் சுவர்தான் நின்றது. கல்யாணப் படம், அடையாள அட்டை, இந்த நோட்டீஸ், ஒன்றும் மிஞ்சவில்லை. சொந்தக்காரர் எல்லோரும் அதே மாதிரி ஓடியவர்கள்தான், அவர்களிடமும் இல்லை.

"இவள் கேக்கிறாள், அப்பா எப்பிடி இருப்பார் எண்டு. நானும் சொல்லிச் சொல்லிப் பாக்கிறன். சொல்லச் சொல்ல எனக்கே முகம் கலையுது, தம்பி."

முதலாளி தன் மேசையில் இருந்து நிமிரவில்லை. லாச்சியைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரித் தேடினார். நோட்டீஸ் பிரதிகளைச் சேர்த்து வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. படங்களையோ, மேலே சொன்னேனே, அழித்துக்கொண்டிருந்தோம்.

நான் பேஜைத் திறந்தேன். நோட்டீஸ் பக்கங்கள் சின்னக் கோப்புகள் என்பதால் அவற்றில் கை வைப்பதில்லை. அவருடைய பெயர் தவராசா. நான் வேலைக்குச் சேர முன்னம் அடித்த நோட்டீஸ், என்றாலும் தேடிய உடனே கிடைத்தது. எனக்கே பெருமையாக இருந்தது, பாருங்கள், என் ஒழுங்கு வேலை செய்கிறது என்று. பக்கம் மேலிருந்து கீழாக மெல்ல விரிந்தது. கண்ணீர் அஞ்சலி. பெயர், ஊர். நடுவில் சாம்பல் கட்டம், குறுக்கே பெருக்கல் அடையாளம்.

குழந்தை எட்டிப் பார்த்தது. "அப்பா எங்க?"

பூரணம் அக்கா கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. அந்தக் கட்டத்தை நான் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் நானாவைத் திட்டியிருப்பேன். அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திரையில் கையை வைத்து அதை மறைத்தேன்.

"இரிங்க தாத்தா," என்றார் நானா. தங்கள் வழக்கப்படி அக்காவைத் தாத்தா என்றார். "பேரில இல்லாட்டி முகத்தில தேடுவம்."

பேஜுக்குள் படங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு சாளரம் உண்டு. ஒரு பெட்டியைக் காட்டினால் அதில் உள்ள படங்கள் எல்லாம் முத்திரையளவு சதுரங்களாக வரிசையாக வரும். வரும் என்பது மரியாதைக்குச் சொல்வது. எங்கள் கொம்பியூட்டரில் ஒவ்வொரு சதுரமும் மேலிருந்து கீழாகத் துளித்துளியாக நிரம்பும். முதலில் தலைமயிர், பிறகு நெற்றி, பிறகு கண். மூக்கு வரும்வரை ஆள் யாரென்று சொல்ல ஏலாது. இதற்கிடையில் மத்தியானத்துக்குப் பிறகு கரண்ட் போகும் என்பது தெரியும். லோஞ்சி புறப்படுவதும் மத்தியானத்துக்குப் பிறகுதான். அதைத் தவறவிட்டால் தாயும் பிள்ளையும் தங்க இந்த ஊரில் இடமில்லை, ஆமி தருகிற பாசும் இல்லை.

பூரணம் அக்காவைத் திரைக்கு முன்னால் இருத்தினோம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டா. நான் பெட்டி பெட்டியாகத் திறந்தேன். அந்த நேரம் சல்லிக் கிராமத்தில் இருந்து இராசு அண்ணை வந்தார். கடலுக்குப் போகிறவர், அம்மன் கோயில் நோட்டீஸ் கட்டை எடுத்துப்போக வந்தவர். விசயத்தைக் கேட்டுவிட்டு, கட்டைக் கீழே வைத்துவிட்டு, அவரும் பின்னால் நின்றார். வேறு அலுவலாக வந்த இரண்டு மூன்று பேரும் நின்றார்கள். பின்னறையில் அச்சு இயந்திரம் நின்றுவிட்டது. அதில் வேலை செய்தவரும் எண்ணெய்க் கையோடு வந்துவிட்டார்.

ஊர் முழுக்கத் திரையில் வந்து போனது. "இது எங்கட வலைச் சம்மாட்டியார்! எவ்வளவு நல்ல மனுசன், சீட்டு விளையாட்டில மட்டும் கள்ளன்" என்றார் இராசு அண்ணை. "இந்தப் பொம்பிளை இப்ப லண்டனில. மூண்டு பிள்ளையள்." ஒரு சதுரத்தில் கண் வரை வந்ததும் பூரணம் அக்கா முன்னால் சாய்வா, மூக்கு வந்ததும் பின்னால் சாய்வா. அவவோடு சேர்ந்து எல்லோரும் சாய்ந்தார்கள், நிமிர்ந்தார்கள். கோயில் பெட்டியைத் தவறுதலாகத் திறந்துவிட்டேன். பிள்ளையார்கள் வரிசையாக வந்தார்கள். குழந்தைக்குச் சந்தோசம். "இது அப்பா இல்லை!" என்று கத்தியது. எல்லோரும் சிரித்தோம், பூரணம் அக்கா உட்பட.

ஆனால் ஆள் இல்லை. மரணப் பெட்டி முடிந்தது. நானாவின் மழை, ரோல்ஸ், தலையிடி எல்லாம் முடிந்தன. பிஸ்கட் டின்னில் இருந்த டிஸ்கட்டுகளும் போட்டுப் பார்த்தாயிற்று. முதலாளி எழுந்து வாசலுக்குப் போய் வெளியே பார்த்தபடி நின்றார்.

"மிச்சம் என்ன பெட்டி இருக்கு, டீச்சர்?"

"ஆக்கள் இருக்கிற பெட்டி எல்லாம் முடிஞ்சுது நானா. இனி உடுப்புத்தான்."

உடுப்புப் பெட்டி என்பது வேறொன்றுமில்லை. செத்தவீட்டுக்குப் படம் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் வெறும் மேலோடு நிற்கிற படமோ, கல்யாணக் கூட்டத்தில் ஓரத்தில் நிற்கிற படமோதான் கொண்டுவருவார்கள். ஆளுக்குக் கடைசிப் படம் மரியாதையாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நானா தலையை வெட்டி ஒரு கோட்டின் மேல் வைத்து, டை கட்டிவிடுவார். அதற்காகக் கோட்டுகள் சில வைத்திருந்தார். மூதூர் முதல் நிலாவெளி வரை அந்தக் கோட்டுப் போடாமல் மோட்சம் போனவர்கள் குறைவு.

"அதையும் திறங்க."

கோட்டுகள் வரத் தொடங்கின. முதலாவது கழுத்துக்கு மேல் வெறுமை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சதுரத்தில் தலைமயிர் வந்தது. நெற்றி வந்தது. அந்தப் படம் எனக்கு நன்றாகத் தெரிந்த படம். வாடிக்கையாளர்களுக்குக் கோட்டு மாதிரி காட்டுகிற படம். ஒவ்வொரு நாளும் பார்க்கிற முகம். மென்பொருள் சீடியோடு வந்த யாரோ விளம்பரக்காரன் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். தள்ளிவிடப் போனேன்.

பூரணம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. மூக்கு இன்னும் வரவில்லை.

"அவர்தான்," என்றா.

கண்ணாடித் திரையில் விரலை வைத்தா. பழைய திரையல்லவா, விரல் பட்டதும் படபடவென்று ஒரு சத்தம் வந்தது. மூக்கு வந்தது, மீசை வந்தது, வாய் வந்தது, பிறகு டையும் கோட்டும் வந்தன. கண்ணில் நீர் வழிய வழிய அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ர கடவுளே! இந்த மனுசன் கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்குது!"

நானாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அவர்ர கழுத்து அந்தக் கோட்டில அச்சொட்டாப் பொருந்தினது, தாத்தா. அதுதான் ஆக்களுக்குக் காட்ட எடுத்து வைச்சன். பேரும் 'கோட்டு மூண்டு' எண்டு வைச்சிட்டன். மன்னிச்சிருங்க."

"என்னத்துக்குத் தம்பி மன்னிப்பு? அதாலதானே இவர் மிஞ்சினவர்."

நோட்டீஸ் வந்த நேரம் அவ அதைச் சரியாகப் பார்க்கவேயில்லையாம். மைத்துனர்தான் எல்லாம் ஓடியாடிச் செய்தவர். குழந்தை திரையையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தது.

"அம்மா, அப்பா கலியாண மாப்பிள்ளையோ?"

அந்தக் கேள்வியோடு அவவின் சிரிப்பு நின்றது. பிறகு நானாவைப் பார்த்து மெல்லக் கேட்டா. "தம்பி, இந்தக் கோட்டைக் கழட்ட ஏலாதோ? இவள் இப்பதான் முதன்முதல் பாக்கிறாள். இப்பிடிப் பாத்தா இப்பிடித்தான் மனசில நிக்கும். அவர் வயலுக்குப் போற மனுசன்."

கோட்டைக் கழற்றலாம். ஆனால் உள்ளே ஒன்றுமில்லையே. மூலப் படம் அழிந்துவிட்டது. கோட்டை எடுத்தால் தலை மட்டும் அந்தரத்தில் நிற்கும். நானா அதைச் சொன்னார். "வேற சேட்டுப் போட்டு விடலாம். என்ன மாதிரிப் போடுவார்?"

"கட்டம் போட்ட சேட்டு. ஊருக்கு வெளிக்கிட்டா அதுதான்." சொல்லிக்கொண்டே திரும்பிய அவவின் கண் இராசு அண்ணையில் நின்றது. "இந்தா, இந்த அண்ணை போட்டிருக்கிற மாதிரி."

எல்லோரும் இராசு அண்ணையைப் பார்த்தோம். அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பட்டனைக் கழற்றத் தொடங்கிவிட்டார்.

சேட்டை ஸ்கேன் பண்ணியதை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நாங்கள் பண்ணினோம். கடையில் மடித்து வைக்கிற மாதிரி, கழுத்துப் பட்டி மேலே வர மடித்து, கண்ணாடியில் குப்புறப் போட்டோம். மூடி மூடவில்லை. முதலாளி வாசலில் இருந்து வந்து தடித்த டெலிபோன் புத்தகத்தை எடுத்து அதன் மேல் வைத்தார், போதாமல் அதற்கு மேல் தன் முழங்கையையும் ஊன்றினார். உள்ளே விளக்கு ஊர்ந்து போனது. சேட்டின் ஓரங்களால் வெளிச்சம் கசிந்து முதலாளியின் தாடையில் விழுந்தது. திரையில் வந்த சேட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

"இதென்ன புள்ளி?"

"மீன் செதில்," என்றார் இராசு அண்ணை. வெறும் மேலோடு கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். யாரோ பிளேன்டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். "காலமை கரைவலைக்குப் போட்டு நேர வந்தனான்."

நானா செதில்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தவராசாவின் தலையைச் சேட்டின் மேல் வைத்தார். பூரணம் அக்கா பார்த்துவிட்டுத் தலையாட்டினா.

"மேல் பட்டன் பூட்ட மாட்டார், தம்பி."

பட்டனைத் திறப்பது பெரிய வேலையில்லை. ஆனால் திறந்தால் கழுத்தடி தெரிய வேண்டும். கோட்டுப் போட்டவருக்கு டைக்குக் கீழே கழுத்தே கிடையாது. நானா நாற்காலியில் சாய்ந்தார். "கழுத்துக்கு எங்க போறது?"

"வேணுமெண்டா என்ரையையும் எடுங்கோ," என்று நிமிர்ந்து காட்டினார் இராசு அண்ணை.

கடைசியில் கன்னத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோலை எடுத்து நானாவே கழுத்தடி செய்தார். நான் இன்றைக்கும் சொல்வேன், அவர் செய்த வேலைகளில் அதுதான் வடிவான வேலை. எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர்தான். நிறம் பார்க்கத் தேவையில்லை என்பதும் வசதியாகப் போயிற்று. இடையில் முதலாளியைக் காணவில்லை. சைக்கிளில் இறங்குதுறைக்குப் போயிருந்தார். லோஞ்சிக்காரருக்கு ரிக்கற் புத்தகம் அடித்துக் கொடுப்பது நாங்கள்தான். அந்த உரிமையில், "ஆள் வரும்வரைக்கும் கயிறவிழ்க்கக் கூடாது" என்று கரையில் நின்று சண்டை பிடித்திருக்கிறார்.

பிரிண்டர் தாளைத் துப்பியது. சூடான தாளைக் கையில் வாங்கிப் பூரணம் அக்கா நீட்டிப் பிடித்துப் பார்த்தா, கிட்டப் பிடித்துப் பார்த்தா.

"ஓம்," என்றா. "இனி அவர்தான்."

குழந்தையிடம் கொடுத்தா. குழந்தை படத்தைப் பார்க்கவில்லை, முதலில் மணந்து பார்த்தது. இன்னும் சில பிரதிகள் எடுப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. ஆனால் கையில் ஒன்று இருந்ததே, போதும். அட்டைக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தோம். இராசு அண்ணை சேட்டைப் போட்டுக்கொண்டு, "இஸ்திரி போட்ட மாதிரிச் சூடா இருக்கு" என்றார். அவரே நோட்டீஸ் கட்டையும் தூக்கிக்கொண்டு அவர்களை இறங்குதுறை வரை கூட்டிப் போனார்.

அங்கே நடந்ததை முதலாளி வந்து சொன்னார். சாவடியில் அட்டையைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்த ஆமிக்காரன் தெரிந்த தமிழில், "யாரு இது?" என்று கேட்டிருக்கிறான். பூரணம் அக்கா வாயைத் திறப்பதற்குள் குழந்தை முந்திவிட்டது.

"என்ர அப்பா. சேட்டுப் போட்டிருக்கிறார்."

அதைச் சொல்லிவிட்டு முதலாளி சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார். சைக்கிளில் அழுக்கொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு "அழி" என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். அடுத்த கிழமையே வந்தது. ஆனால் இப்படி வந்தது: "முகம் இருக்கிறதை விட்டிட்டு மிச்சத்தை அழி, பிள்ளை." அதன்படி தேர்கள் அழிந்தன, குத்துவிளக்குகள் அழிந்தன. முகங்கள் சேர்ந்தன. விசயம் பரவி, படம் இழந்தவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். சிலருக்குக் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களும் கொஞ்சநேரம் திரைக்கு முன்னால் இருந்து, தெரிந்த முகங்களைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

சமாதானம் என்று சொன்ன காலத்தில் பூரணம் அக்கா மறுபடி வந்தா, மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு அழைப்பிதழுக்கு. மகள் என்னைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, தானே சதுரங்களை ஓடவிட்டு, நான் காட்டிய பூக்கள் ஒன்றையும் பிடிக்கவில்லை என்றாள். எனக்கு நல்ல சந்தோசம்.

இப்போது அந்த வீதியில் அச்சகம் இல்லை. அந்த இடத்தில் கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். கிண்ணியாவுக்குப் பாலம் வந்துவிட்டது, பாதையும் இல்லை, அதில் நின்று கதைக்கிற கதையும் இல்லை. மூதூருக்கும் ரோட்டால் போகலாம். ஒரு படத்தைத் தேட ஒரு கூட்டம் பின்னால் நின்று மூக்கு வரும்வரை காத்திருந்த காலம் இனி வராது, வரத் தேவையுமில்லை.

கொம்பியூட்டர் கடைசிவரை வெடிக்கவில்லை. ஒரு நாள் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திருத்துகிறவர்கள் பலரிடம் கொண்டு திரிந்தேன். ஒருவராலும் ஒரு முகத்தைக்கூட வெளியே எடுக்க ஏலவில்லை.

றிஸ்வான் நானா இப்போது கட்டாரில். எப்போதாவது வெள்ளிக்கிழமைகளில் கோல் எடுப்பார். இந்த முறை எடுத்தபோது, போன் பிள்ளையாருக்குப் பெயர் கேட்ட கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கேட்டார்.

"டீச்சர், அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நோட்டீஸ் அடிச்சிருக்கலாமே. கண்ணீர் அஞ்சலி."

"அடிச்சிருக்கலாம் நானா. போடப் படம் வேணுமே."

"எங்கட அச்சகத்தில எடுத்த படம் ஏதாவது இரிக்குமே. முதலாளி, நீங்க, நான்..."

இரண்டு பேரும் யோசித்தோம். ஊரில் உள்ள எல்லோருடைய படத்தையும் வைத்திருந்தோம். எங்களை ஒருவரும் எடுக்கவில்லை.